ஏஐ எழுதிய கேள்வியிலிருந்து வகுப்பின் ஹீட்மேப் வரை: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஏஐயிடம் ஒரு கேள்வித்தாள் வாங்குவது இன்று இரண்டு நிமிட வேலை. அதை ஆன்லைனில் நடத்தி, வந்த விடைகளை ஹீட்மேப் எனப்படும் வண்ணக் கட்ட வரைபடமாக்குவதும் கஷ்டமில்லை. ஆனால் அந்த வரைபடத்தைக் காட்டி, "சரி, நாளைக்கு வகுப்பில் எதை மாற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டால் பலரும் தடுமாறுகிறார்கள். சராசரி 61 என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்தத் தடுமாற்றம் வரைபடம் போடும்போது தொடங்குவதில்லை. கேள்வி எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைத் தாண்டிப் போனதால் வருகிறது. அதனால்தான் இங்கே படிகளின் வரிசையை வலியுறுத்துகிறேன். எடுத்துக்காட்டாக தசம எண்களையும் பின்னங்களையும் எடுத்துக்கொள்கிறேன். அறிவியல், மொழி, கணினி எதுவானாலும் முறை இதேதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஏதாவது ஒரு ஏஐ சாட்பாட் போதும்: சாட்ஜிபிடி, ஜெமினி, க்ளாட் எதுவானாலும் சரி. கேள்வி நடத்த கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற ஒரு படிவம். கணக்கிட எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ். சராசரி எடுக்கவும், ஒரு ஷீட்டிலிருந்து இன்னொரு ஷீட்டில் தேடி எடுக்கவும் தெரிந்தால் போதும், புரோகிராமிங் தேவையில்லை.

இவற்றைவிட முக்கியமானது, மாணவர்கள் எழுதிய பழைய நோட்டுகளோ விடைத்தாள்களோ ஒரு கட்டு. எதற்கு என்பது இரண்டாம் படியில் தெரியும்.

1. எந்த முடிவை எடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

ஒரே ஒரு வாக்கியம் போதும். "தசம எண்களை ஒப்பிடுவதில் வகுப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தவறைச் செய்தால் எல்லோருக்கும் மறுபடி நடத்துவேன், அதற்குக் குறைவாக இருந்தால் அந்தச் சிலரை மட்டும் தனியே உட்காரவைப்பேன்." இப்படி.

இதைத் தேர்வுக்கு முன்பே எழுதுவதற்குக் காரணம் உண்டு. முடிவுகள் வந்த பிறகு யோசித்தால், ஏற்கெனவே செய்ய நினைத்ததற்குத் தோதாகவே எண்களைப் படிப்போம். நான்கில் ஒன்று என்பது புனிதமான எல்லை ஒன்றுமில்லை. உங்கள் நேரத்தையும் வகுப்பின் அளவையும் பார்த்து நீங்கள் வைப்பதுதான்.

2. தவறான புரிதல்களுக்கு ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு

புதிதாக வருபவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். நேராக ஏஐயைத் திறந்து "தசம எண்கள் பற்றி 20 கேள்விகள் கொடு" என்று தட்டிவிடுகிறார்கள். வரும் கேள்விகள் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு மாணவர் தவறான விடையைத் தேர்ந்தெடுத்தால், அவர் என்ன நினைத்து அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை அந்த விடையால் சொல்ல முடியாது.

பழைய விடைத்தாள்களைப் புரட்டிப் பாருங்கள். தவறுகள் கண்டபடி சிதறிக் கிடக்காது. ஒரு சில வகைக்குள் அடங்கிவிடும். தசம எண்களில் இரண்டு வகை உலகம் முழுக்க ஆசிரியர்களுக்குப் பழக்கமானவை. முதல் வகையினர் புள்ளிக்குப் பின் இலக்கங்கள் அதிகமாக இருந்தால் எண்ணும் பெரியது என்று நினைப்பார்கள். 35 என்பது 5-ஐவிடப் பெரியது என்பதால் 0.35-ஐ 0.5-ஐவிடப் பெரியதாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வகையினர் தலைகீழ். நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சின்னது, ஆகவே இலக்கம் அதிகமானால் எண் சிறியது என்பது அவர்கள் கணக்கு. பின்னங்களில் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி, 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுவது இன்னொன்று.

ஒவ்வொன்றுக்கும் ஓரிரு எழுத்தில் குறியீடு வையுங்கள். நீளமானது பெரியது என்பவருக்கு "நீ", குறுகியது பெரியது என்பவருக்கு "கு", மேலும் கீழும் கூட்டுபவருக்கு "கூ". சரியான விடைக்கு "சரி". எதிலும் அடங்காத தவறுக்கு "வே". தவறான புரிதலுக்கான குறியீடுகள் ஒரு தேர்வுக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். பத்து குறியீடுகள் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியால் சோதித்தால், கடைசியில் எதைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பட்டியலை ஏஐயிடமே கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் உங்கள் பட்டியல் முடிந்த பிறகு. முதலிலேயே கேட்டால் அது சொல்லும் பொதுவான தவறுகளையே உங்கள் மாணவர்களும் செய்கிறார்கள் என்று நம்பத் தோன்றும்.

3. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி வகைக்கு மட்டும் ப்ராம்ப்ட் எழுதுங்கள்

மொத்தமாக இருபது கேட்டால் முதல் நான்கைந்து நன்றாக வரும், அப்புறம் ஒரே கேள்வி எண் மாறி வரத் தொடங்கும். ஆகவே வகைக்கு ஒரு ப்ராம்ப்ட், அதாவது ஏஐக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளை. நான் பரிந்துரைக்கும் வடிவம் இது:

"தசம எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கும் கேள்விகள் நான்கு வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று ஆப்ஷன்கள். ஒன்று சரியான விடை. ஒன்று, புள்ளிக்குப் பின் இலக்கங்கள் அதிகமாக இருப்பதே பெரிய எண் என்று நினைப்பவர் தேர்ந்தெடுப்பது; குறியீடு நீ. ஒன்று, இலக்கங்கள் குறைவாக இருப்பதே பெரிய எண் என்று நினைப்பவர் தேர்ந்தெடுப்பது, குறியீடு கு. மூன்று எண்களிலும் புள்ளிக்குப் பின் உள்ள இலக்கங்களின் எண்ணிக்கை வெவ்வேறாக இருக்க வேண்டும். சரியான விடை மிக நீளமானதாகவோ மிகக் குறுகியதாகவோ இருக்கக்கூடாது. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் கீழே, அந்த எண்ணம் உள்ளவர் எப்படி அங்கே போய்ச் சேர்கிறார் என்று ஒரு வரி எழுதவும். கேள்வி எண், ஆப்ஷன், குறியீடு, காரணம் என்ற நான்கு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையாகத் தரவும்."

இதில் நீளம் பற்றிய நிபந்தனைகள் அலங்காரம் இல்லை. அவை இல்லாவிட்டால் ஏஐ மிகச் சாதாரணமாக 0.4, 0.35, 0.125 என்று ஒரு கேள்வி தரும். சரியான விடை 0.4. ஆனால் "குறுகியது பெரியது" என்று நினைப்பவரும் அதே 0.4-ஐத்தான் தேர்ந்தெடுப்பார். தவறான எண்ணத்தோடு முழு மதிப்பெண் வாங்கிவிடுவார், வரைபடத்திலும் அவர் கட்டம் "சரி" என்றே நிறம் பெறும். 0.3, 0.42, 0.385 என்று வைத்துப் பாருங்கள். சரியான விடை 0.42. "நீ" எண்ணம் உள்ளவர் 0.385-க்குப் போவார், "கு" எண்ணம் உள்ளவர் 0.3-க்குப் போவார். மூன்று பேரும் மூன்று திசையில் பிரிகிறார்கள். நமக்கு வேண்டியது இந்தப் பிரிவுதான்.

மூன்று ஆப்ஷன் குறைவாகத் தோன்றலாம். நான்காவது ஆப்ஷனாக யாரும் தொடாத ஒரு விடையை வைப்பதைவிட இது மேல். எண்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் ஆய்வாளர் மைக்கேல் ரோட்ரிகஸ் வெளியிட்ட பகுப்பாய்வும் மூன்று ஆப்ஷன்களே பொருத்தம் என்றுதான் சொல்கிறது. அதோடு ஒவ்வொரு கேள்விக்கும் "இன்னும் தெரியவில்லை" என்று ஒரு ஆப்ஷனை நீங்களே சேருங்கள், குறியீடு "தெ". தெரியாதவர் குத்துமதிப்பாக ஒன்றைத் தட்டி உங்கள் தரவைக் கலக்காமல் இருக்க அது உதவும். தெரியவில்லை என்பவருக்கும் தவறாகத் தெரிந்திருப்பவருக்கும் தேவைப்படும் பாடம் வேறு வேறு.

ஒவ்வொரு குறியீட்டுக்கும் குறைந்தது மூன்று கேள்விகளாவது இருக்கட்டும். மூன்று ஆப்ஷன்களில் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பவர்கூட ஒரு கேள்வியில் "நீ" விடையைத் தொடுவதற்கு வாய்ப்பு மூன்றில் ஒன்று. மூன்று கேள்விகளிலும் தொடர்ந்து அதையே தொடுவதற்கு 27-இல் ஒன்று. ஒரே ஒரு கேள்வியை வைத்து "இந்தக் குழந்தைக்கு இந்தப் பிரச்சினை" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

தமிழில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாடநூலில் உள்ள கலைச்சொற்களைப் பட்டியலாக ப்ராம்ப்ட்டின் தலையில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே கேள்வித்தாளில் மூன்று பெயர்களில் ஒரே விஷயம் வரும், மாணவர் கணக்கில் தவறுவதற்கு முன் சொல்லிலேயே தவறிவிடுவார்.

4. விடையைப் பார்க்காமல் நீங்களே எழுதிப் பாருங்கள்

ஏஐ தந்த விடைக்குறிப்பைப் பார்த்துக்கொண்டே சரிபார்த்தால் கண் அதன் போக்கிலேயே ஓடும். குறிப்பை மறைத்துவிட்டு எல்லாக் கேள்விகளுக்கும் நீங்களே பதில் எழுதுங்கள். அப்புறம் இன்னொரு முறை, "நீ" எண்ணம் உள்ள மாணவராக மாறி எழுதுங்கள். அடுத்து "கு". ஒவ்வொரு முறையும் நீங்கள் போய்ச் சேரும் ஆப்ஷனும் அட்டவணையில் உள்ள குறியீடும் பொருந்த வேண்டும். பொருந்தாத கேள்வியைத் தூக்கிவிடுங்கள், ஒட்டுப்போட முயலாதீர்கள். புதிதாக ஒன்று கேட்பது எளிது.

இது அதிகப்படியான எச்சரிக்கை என்று நினைப்பவர்களுக்கு: 2024-இல் பல பிரபல சாட்பாட்கள் 9.11, 9.9 இரண்டில் 9.11தான் பெரியது என்று பதில் சொல்லி இணையம் முழுக்கக் கேலிக்குள்ளாயின. நாம் மாணவர்களிடம் தேடிக்கொண்டிருக்கும் "நீ" தவறு அப்படியே! புதிய மாடல்கள் இதில் தேறிவிட்டன, ஆனாலும் விடைக்குறிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கு இல்லை.

வேறு சிலவற்றையும் பாருங்கள். சொற்களால் ஆன ஆப்ஷன்களில் சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக, விளக்கமாக இருக்கும். ஏஐக்கு இது பழக்கம். கெட்டிக்கார மாணவர் பாடம் தெரியாமலே நீளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். "மேற்கண்ட அனைத்தும்" வந்தால் நீக்குங்கள், அதற்கு எந்தக் குறியீடும் கொடுக்க முடியாது. "எது சரியல்ல?" என்ற வகைக் கேள்விகளையும் குறையுங்கள், ஒரு எதிர்மறைச் சொல்லைக் கவனிக்காமல் விட்டதற்காகப் பாடமே தெரியாது என்று பதிவாகிவிடும்.

முடிந்தால் வேறொரு ஆசிரியரிடம் விடையில்லாமல் கொடுத்துப் பாருங்கள். யாரும் கிடைக்காவிட்டால் புதிய சாட் ஒன்றைத் திறந்து, குறிப்பு இல்லாமல் கேள்விகளை மட்டும் ஒட்டிப் பதில் கேளுங்கள். பழைய சாட்டிலேயே கேட்டால், அது தான் ஏற்கெனவே சொன்னதையே திருப்பிச் சொல்லும்.

5. படிவம் அமைக்கும்போதே தரவின் வடிவத்தைத் தீர்மானியுங்கள்

மாணவரின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். ஒரே பெயரை ஐந்து விதமாக எழுதுவார்கள். மா01, மா02 என்று எண் கொடுத்து, படிவத்தில் கீழிறங்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். எந்த எண் யாருக்கு என்பது தனி ஃபைலில் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். பின்னால் ஏஐயிடம் எதையாவது காட்ட வேண்டி வரும்போது இந்தப் பிரிப்பு உங்களைக் காப்பாற்றும்.

கேள்விகளைக் கட்டாயமாக்குங்கள். "இன்னும் தெரியவில்லை" என்ற வழி இருப்பதால் யாரையும் வற்புறுத்துவதாக ஆகாது. ஆப்ஷன்களின் வரிசையைக் கலைத்துவிடுங்கள். கூகுள் ஃபார்ம்ஸ் ஷீட்டில் பதிவு செய்வது ஆப்ஷனின் எழுத்துகளைத்தான், அது எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பதை அல்ல. எனவே கலைத்தாலும் தரவு கெடாது. அதே காரணத்தால் ஆப்ஷனுக்கு முன்னால் அ, ஆ, இ என்று போடாதீர்கள், கலைந்த பிறகு வேடிக்கையாகத் தெரியும்.

பின்னங்கள் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 1/2, 2/5 போன்ற விடைகளை எக்செல் தேதியாக மாற்றிவிடும். விடைகளை இறக்கிய சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை ஃபைல்) இரட்டைக் கிளிக்கில் திறந்ததுமே இது நடந்துவிடும், பழைய நிலைக்குத் திருப்புவது தலைவலி. ஆப்ஷனையே "2/5 பங்கு" என்று ஒரு சொல் சேர்த்து எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

6. நான்கு ஷீட்கள், அதில் முதல் ஷீட்டைத் தொடக்கூடாது

முதல் ஷீட்டின் பெயர் "மூலம்". படிவத்திலிருந்து வந்தது வந்தபடி. எழுத்துப்பிழை இருந்தாலும் இங்கே திருத்த வேண்டாம். திருத்தினால், பிறகு ஒரு எண் இடிக்கும்போது எது மாணவர் செய்தது, எது நீங்கள் செய்தது என்று தெரியாது.

இரண்டாவது "திறவுகோல்". கேள்வி எண், ஆப்ஷன், குறியீடு. மூன்றாம் படியில் ஏஐ தந்த அட்டவணைதான், நீங்கள் சரிபார்த்த வடிவில். இதில் கேள்வி எண்ணையும் ஆப்ஷனையும் ஒட்டி "கே3|0.42" என்று ஒரு நெடுவரிசை உண்டாக்குங்கள். 0.42 என்ற ஆப்ஷன் ஒரு கேள்வியில் "கு" ஆகவும் இன்னொன்றில் "சரி" ஆகவும் இருக்கலாம். ஆப்ஷனை மட்டும் வைத்துத் தேடினால் முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு ஷீட் அமைதியாகத் தவறு செய்யும்.

மூன்றாவது "குறியீடு". மூலத்தில் உள்ள ஒவ்வொரு விடையையும் வீலுக்கப் அல்லது எக்ஸ்லுக்கப் ஃபார்முலாவால் திறவுகோலில் தேடி, நீ, கு, சரி என்று மாற்றிய ஷீட். நான்காவது "மதிப்பெண்". குறியீடு "சரி" என்றால் 1, இல்லையென்றால் 0.

தேடல் ஃபார்முலா சில இடங்களில் பிழை காட்டினால், பெரும்பாலும் காரணம் விடைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட இடைவெளி. தமிழ் எழுத்துகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடலில் பொருந்தாமல் போகலாம். திறவுகோலில் உள்ள ஆப்ஷனைப் புதிதாகத் தட்டாமல், படிவத்திலிருந்தே நகலெடுத்து ஒட்டினால் இந்தப் பிரச்சினை வராது.

சிஎஸ்வியை எக்செலில் திறந்ததும் தமிழ் எல்லாம் கிறுக்கல்களாகத் தெரிந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். இரட்டைக் கிளிக்குக்குப் பதிலாக, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து கொண்டுவரும் வழியைத் தேர்ந்தெடுத்து, யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். சரியாகிவிடும்.

7. வரைபடத்துக்கு முன் மூன்று எண்கள்

முதலாவது, ஒவ்வொரு கேள்வியையும் எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள் என்ற விகிதம். மதிப்பெண் ஷீட்டில் அந்த நெடுவரிசையின் சராசரியே அதுதான். 40 பேரில் 22 பேர் சரி என்றால் 0.55. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சராசரி ஃபார்முலா காலிக் கட்டத்தைக் கணக்கில் எடுக்காது. கேள்விகளைக் கட்டாயமாக்காமல் விட்டிருந்து, நேரம் போதாமல் கடைசிக் கேள்விகளை விட்டவர்கள் இருந்தால், அங்கே வரை எட்டியவர்களின் விகிதம் மட்டுமே வரும், கேள்வி உண்மையைவிடச் சுலபமாகத் தெரியும். காலியை 0 ஆக்குவதா, விடுவதா என்று முன்கூட்டியே முடிவு செய்து எல்லாக் கேள்விக்கும் அதையே பின்பற்றுங்கள்.

இரண்டாவது, கேள்வி மாணவர்களைப் பிரித்துக் காட்டுகிறதா என்பது. ஒரு மாணவரின் மொத்தத்திலிருந்து அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணைக் கழித்து, மீதத்துக்கும் அந்தக் கேள்விக்கும் கோரெல் ஃபார்முலாவால் ஒட்டுறவு பாருங்கள், அதாவது இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று. கழிக்காமல் விட்டால் கேள்வி தன்னோடு தானே ஒத்துப்போய் எண் பொய்யாக உயரும். எல்லோரும் சரியாகச் செய்த கேள்வியில் பூச்சியத்தால் வகுக்கும் பிழை வரும். அங்கே வித்தியாசமே இல்லை, அளக்க ஒன்றுமில்லை, அவ்வளவுதான். மூடில் (Moodle) என்ற கற்றல் தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் அதன் க்விஸ் புள்ளிவிவர அறிக்கையே தந்துவிடும்.

இந்த ஒட்டுறவு எதிர்மறையாக வந்தால், அதாவது நன்றாகச் செய்தவர்கள் அந்தக் கேள்வியில் மட்டும் அதிகம் தவறினால், மாணவர்களைச் சந்தேகிப்பதற்கு முன் திறவுகோலைப் பாருங்கள். பெரும்பாலும் விடை மாறியிருக்கும், அல்லது இரண்டு விடைகள் சரியாக இருக்கும். பூச்சியத்தை ஒட்டி வந்தால் கேள்வியின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் இத்தனை ஏற்பாட்டுக்கும் காரணமான எண். ஒவ்வொரு கேள்வியிலும் ஒவ்வொரு குறியீட்டையும் எத்தனை பேர் எடுத்தார்கள்? அதே 0.55 கேள்வியில் தவறிய 18 பேரில் 14 பேர் "நீ" என்றால், வகுப்பில் ஒரு தெளிவான தவறான புரிதல் உட்கார்ந்திருக்கிறது. அதே 18 பேர் நீ 6, கு 5, தெ 7 என்று சிதறினால், பாடம் இன்னும் பதியவில்லை என்றுதான் பொருள். இரண்டு வகுப்புக்கும் விகிதம் ஒன்றுதான், ஆனால் மறுநாள் நடத்த வேண்டிய பாடம் வேறு. சராசரி மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

எண்களை மிகையாக நம்பவும் வேண்டாம். 40 பேரில் பாதிப்பேர் சரி என்றால், அந்த 50 சதவீதத்தின் நிச்சயமின்மை இரு பக்கமும் ஏறக்குறைய 15 சதவீதம். 52-க்கும் 58-க்கும் வித்தியாசம் கண்டுபிடித்துக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

இந்தக் கணக்குகளை ஏஐயிடம் ஒப்படைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அட்டவணையை ஒட்டி "எண்ணிச் சொல்" என்றால், எண்ணாமலேயே எண்ணியதுபோல ஒரு பதில் வரக்கூடும். ஃபார்முலாவை எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் ஏஐ கெட்டி. வாங்கிய ஃபார்முலாவை ஐந்து வரிசைகளில் கையால் எண்ணிச் சோதித்துவிட்டு மீதிக்கு இழுத்துவிடுங்கள்.

8. ஹீட்மேப்: நிறம் போடுவதற்கு முன் வரிசைப்படுத்துங்கள்

மாணவர்கள் வரிசைகளாக, கேள்விகள் நெடுவரிசைகளாக, "குறியீடு" ஷீட்டின் ஒரு நகலை எடுங்கள். மாணவர்களை மொத்த மதிப்பெண்ணின்படி மேலிருந்து கீழாகவும், கேள்விகளைச் சுலபமானதிலிருந்து கடினமானதற்கு இடமிருந்து வலமாகவும் அடுக்குங்கள். எக்செலில் இடமிருந்து வலமாக வரிசைப்படுத்தும் வசதி, சார்ட் (Sort) எனப்படும் வரிசைப்படுத்தல் பெட்டியின் ஆப்ஷன்ஸ் பொத்தானுக்குள் இருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் அது கிடையாது. ட்ரான்ஸ்போஸ் செய்து, அதாவது வரிசைகளை நெடுவரிசைகளாகத் திருப்பி, வரிசைப்படுத்தி மீண்டும் திருப்ப வேண்டும்.

வரிசைப்படுத்தாத ஹீட்மேப் வெறும் வண்ணச் சிதறல். வரிசைப்படுத்தியதும் இடது மேல் மூலையில் "சரி" குவியும், வலது கீழ் மூலையில் மற்றவை குவியும். இந்த ஒழுங்கு வந்த பிறகுதான் ஒழுங்கை மீறும் கட்டங்கள் கண்ணில் படும். எல்லாவற்றையும் சரியாகச் செய்து ஒரு சுலபமான கேள்வியில் மட்டும் தவறியவர் அவசரப்பட்டிருக்கலாம். மேலிருந்து கீழ்வரை எந்த ஒழுங்கும் இல்லாமல் புள்ளி புள்ளியாக இருக்கும் ஒரு நெடுவரிசை, ஏழாம் படியில் ஒட்டுறவு குறைந்த கேள்வியாகத்தான் இருக்கும்.

இப்போது நிறம். சரிக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு என்றுதான் கை முதலில் போகும். இரண்டு காரணத்துக்காக வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் உங்கள் கூட்டத்தில் இருக்கலாம், ஆண்களில் இது அபூர்வம் இல்லை. அதைவிட முக்கியமாக, எல்லாத் தவறுக்கும் ஒரே நிறம் கொடுத்தால் குறியீடு வைத்த உழைப்பே வீண். "சரி"க்கு மங்கிய சாம்பல், "நீ"க்கு ஆரஞ்சு, "கு"வுக்கு நீலம், "கூ"வுக்குக் கருஊதா, "தெ"க்கு வெள்ளை. கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் குறியீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி போட்டால் முடிந்தது. கட்டத்துக்குள் எழுத்தும் இருக்கட்டும், கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தாலும் படிக்கலாம்.

ஒரு மாணவரின் வரிசை முழுக்க ஆரஞ்சு ஓடினால் அவருக்கு ஒரு எண்ணம் இருக்கிறது, அது தவறானது. பல நிறம் கலந்திருந்தால் அவர் ஊகித்திருக்கிறார். மூன்று கேள்வியில் இரண்டு மட்டும் ஆரஞ்சு என்றால் சந்தேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க ஊகிப்பவருக்கும் குறைந்தது இரண்டு ஆரஞ்சு கிடைக்க ஏறக்குறைய 26 சதவீதம் வாய்ப்பு உண்டு. அவரைக் கூப்பிட்டு "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்பது எந்த வரைபடத்தையும்விட வேகமான வழி.

குறியீடுகளின் மொத்த எண்ணிக்கையைத் தனியாகக் காட்ட வேண்டுமானால் கிடைமட்டப் பட்டை வரைபடம் போடுங்கள், வட்ட வரைபடம் வேண்டாம். ஒரே அளவுகோலில் உள்ள நீளங்களை நம் கண் நன்றாக ஒப்பிடும், கோணங்களை அவ்வளவு நன்றாக ஒப்பிடாது. 1984-இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைகளில் இது தெளிவாகவே வந்தது. பட்டையின் அச்சு 0-இல்தான் தொடங்க வேண்டும்.

9. ஏஐயிடம் திரும்பிப் போகும்போது சுருக்கத்தை மட்டும் கொடுங்கள்

ஒவ்வொரு மாணவரின் வரிசையையும் சாட்டில் ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. கேள்வி வாரியாகக் குறியீடுகளின் எண்ணிக்கை, கேள்விகளின் வாசகம், இவை போதும். பெயர், பள்ளி, பிறந்த தேதி எதுவும் போகக் கூடாது. இலவசக் கணக்குகளில் நீங்கள் தட்டுவது மாடலைப் பயிற்றுவிக்கப் பயன்படலாம். அமைப்புகளில் அதை அணைக்க முடியுமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

"இதற்கு என்ன காரணம்?" என்று கேட்காதீர்கள். சரளமாக ஒரு கதை சொல்லும், நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள். இப்படிக் கேளுங்கள்: "இந்த விடைப்பாங்குக்கு ஒன்றுக்கொன்று முரணான மூன்று காரணங்கள் சொல். ஒவ்வொன்றும் உண்மையா என்று கண்டுபிடிக்க மாணவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியையும் சொல்." இப்போது கையில் கிடைப்பது, வகுப்பில் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று.

10. முடிவை எடுங்கள், பிறகு அதே ஆட்களை மறுபடி சோதியுங்கள்

முதல் படியில் எழுதிய வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஆரஞ்சு கட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். எல்லையைத் தாண்டியிருந்தால் முழு வகுப்புக்கும் நடத்துங்கள், இல்லாவிட்டால் குறிப்பிட்டவர்களுக்கு மட்டும். "நீ" கூட்டத்துக்கு 0.5-ஐயும் 0.35-ஐயும் நூறு கட்டம் கொண்ட ஒரு சதுரத்தில் நிழலிடச் சொல்வது நல்ல தொடக்கம். விதியை மறுபடி சொல்வதால் பெரிய பலன் இருக்காது, அவர்களிடம் ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறதே!

ஒரு வாரம் கழித்து மறுதேர்வு. அதே கேள்விகளை வைத்தால் விடையை நினைவில் வைத்திருப்பார்கள். அமைப்பை மாற்றாமல் எண்களை மட்டும் மாற்றிய இணைக் கேள்விகளை ஏஐயிடம் கேளுங்கள். மூன்றாம் படியின் ப்ராம்ப்ட்டும் நிபந்தனைகளும் அப்படியே. நான்காம் படியின் சோதனையை இங்கேயும் விடக் கூடாது. "முன்பே பார்த்ததுதானே" என்று இரண்டாம் சுற்றில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

ஒப்பிடும்போது இரண்டு தேர்வையும் எழுதியவர்களை மட்டும் எடுங்கள். முதல் நாள் வராதவரும் இரண்டாம் நாள் வராதவரும் சேர்ந்தால் இரண்டு சராசரிகளும் இரண்டு வெவ்வேறு வகுப்புகளைப் பற்றியவை ஆகிவிடும். மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் தனியே பார்த்து "எல்லோரும் ஏறிவிட்டார்கள்" என்று மகிழவும் வேண்டாம். ஒரு நாள் சறுக்கியவர்களில் சிலர், நாம் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் மேலே வருவார்கள். மொத்த மதிப்பெண்ணுக்குப் பதிலாகக் குறியீட்டைப் பாருங்கள்: முதலில் "நீ"யில் இருந்தவர்களில் எத்தனை பேர் "சரி"க்கு வந்தார்கள், எத்தனை பேர் அப்படியே இருக்கிறார்கள், எத்தனை பேர் "கு"வுக்குத் தாவினார்கள்.

இந்தக் கடைசிக் கூட்டம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். "நீளமானது பெரியதல்ல" என்று அழுத்திச் சொல்லும்போது, "அப்படியானால் குறுகியதுதான் பெரியது போல" என்று எடுத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு 0.3-ஐயும் 0.42-ஐயும் அதே சதுரத்தில் நிழலிடக் கொடுங்கள்.